முடி நட்டவர்களும் நடப்போகிறவர்களும் வாசிக்க



இந்த வருடம் என்னிடம் படித்த பிள்ளைகளில் நாலு பேர் இன்பொக்ஸில் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். "சேர், ஹெயார் ட்ரான்ஸ்ப்ளான்ட் எங்கே செய்தீங்க? எவ்வளவு முடிஞ்சது?" எல்லோரும் 22, 25 வயதுக்காரர்கள். இரண்டு பேர் கட்டாரில் வேலை. ஒரு பிள்ளை உம்மாவின் நகையை அடகு வைக்க யோசிக்கிறார். செய்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நான் வைத்தியர் இல்லை, விஞ்ஞான ஆசிரியர். 4 வருடத்துக்கு முன் 38 வயதில் கொழும்பில் செய்துகொண்டேன். மறைக்க ஒன்றுமில்லை, தொப்பியைக் கழற்றினால் ஊருக்கே தெரியும். எனக்கு முன்பே என் தம்பி 24 வயதில் இஸ்தான்புல் போய்ச் செய்துவிட்டு வந்தவன். அவனுடைய கதையை அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கைக்குக் காரணம் டிஎச்டி என்ற ஹோர்மோன். நெற்றியிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்கள் இதற்குத் தாக்குப்பிடிக்காமல் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போகும். பின்தலையிலும் காதுக்கு மேலேயும் உள்ள வேர்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அந்த வேர்களை எடுத்து முன்னால் நட்டாலும் அதே குணத்தோடுதான் இருக்கும். நியூயோர்க்கில் ஓரென்ட்ரைக் என்ற வைத்தியர் 1959இல் எழுதி வெளியிட்டது இதைத்தான். இன்றைக்கு நடக்கும் எல்லா முடி நடுகைக்கும் அத்திவாரம் அதுதான்.

அப்படியென்றால் சத்திரசிகிச்சை செய்வது இடமாற்றம் மட்டும்தான். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகளை முன்வாங்குக்கு மாற்றினால் வகுப்பில் பிள்ளைகளின் தொகை கூடாது. முன்வாங்கில் ஏற்கனவே இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகிப் போவதும் நிற்காது. நட்ட முடி நிற்கும். அதற்குப் பக்கத்திலும் பின்னாலும் உள்ள சொந்த முடி, மருந்து இல்லாவிட்டால் உதிர்ந்துகொண்டே போகும்.

என் தம்பிக்கு நடந்தது அதுதான். ஒரே நாளில் 3500 கிராஃப்ட் வைத்தார்கள். நெற்றிக்கோட்டை பதினாறு வயதுப் பையனைப் போலக் கீழே இறக்கி வரைந்தார்கள். ஒரு வருடத்தில் அருமையாக வந்தது. குளிசை எழுதிக் கொடுத்திருந்தார்கள், எவ்வளவு காலம் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கல்யாணம் பேசும்போது ஒரு கூட்டாளி, "அதைப் போட்டா பிள்ளை கிடைக்காதாம்" என்று சொல்ல, அன்றோடு நிறுத்திவிட்டான். "முடி வந்திட்டுதானே காக்கா, இனி என்னத்துக்குக் குளிசை?" என்றான். நான் சொன்னது ஏறவில்லை. இப்போது அவனுக்கு 30 வயது. முன்னால் அடர்த்தியான ஒரு கரை, அதற்குப் பின்னால் வெட்டவெளி. திரும்பவும் செய்யக் கேட்டுப் போனான். பின்தலையில் எடுப்பதற்கு அதிகம் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பின்தலை ஒரு வங்கிக் கணக்கு மாதிரி, வைப்புச் செய்ய முடியாது, எடுக்க மட்டும்தான் முடியும். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் வாழ்நாள் முழுவதற்கும் 5000 முதல் 7000 கிராஃப்ட் வரைதான் பெரும்பாலும் கிடைக்கும். 24 வயதில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டால் 40 வயதில் என்ன செய்வது? அந்த வயதில் வழுக்கை எதுவரை போகும் என்றும் சரியாகத் தெரியாது. நல்ல வைத்தியர்கள் இளம் பிள்ளைகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வது இதனால்தான்.

இனி மருந்து. முக்கியமானவை இரண்டு.

ஒன்று ஃபினாஸ்டரைட். நாளைக்கு 1 மில்லிகிராம் குளிசை. அமெரிக்காவில் 1997இல் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. டிஎச்டியைக் குறைத்து, இருக்கிற முடியைக் காக்கும். நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் அதன் பலன் போய்விடும். சிலருக்கு இல்லற ஆசை குறையலாம், விந்தின் அளவு குறையலாம், மனச்சோர்வு வரலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மனம் இருண்டுபோவது போலத் தெரிந்தால், தற்கொலை எண்ணம் வந்தால், உடனே குளிசையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள், வெட்கப்பட வேண்டாம். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களும் கூட்டாளியைக் கேட்காமல் வைத்தியரைக் கேளுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த குளிசையைக் கையால் தொடவே கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் பாதிப்பு வரலாம். என் மனைவி கர்ப்பமாக இருந்த மாதங்களில் என் குளிசை பாடசாலைப் பையிலேயே இருந்தது. இரத்ததான முகாமுக்குப் போனால் இந்தக் குளிசை போடுவதைச் சொல்லுங்கள். பல நாடுகளில் நிறுத்தி ஒரு மாதம் போன பிறகுதான் இரத்தம் எடுப்பார்கள். 50 வயதுக்கு மேல் புரோஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை செய்தால் அங்கேயும் சொல்லுங்கள், இந்த மருந்து அந்த எண்ணைப் பாதியளவுக்குக் குறைத்துக் காட்டும்.

மற்றது மினொக்ஸிடில். தலையில் பூசுவது. தொடங்கிய முதல் சில கிழமைகளில் முடி கூடுதலாக உதிரும், பயந்து நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சில மாதங்களில் பலன் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் கவனம், மினொக்ஸிடில் பூனைக்கு நஞ்சு. பூசிய தலையையோ தலையணையையோ நக்கவிடாதீர்கள்.

செய்த பிறகு முதல் 10 நாள் மிக முக்கியம். அதற்குள்தான் வேர் பிடிக்கும். தேய்க்கக் கூடாது, சொறியக் கூடாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது. ஹெல்மெட் அழுத்தும் என்பதால் வைத்தியர் சொல்லும்வரை மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள். தலை குனிவதையும் தவிர்க்கச் சொல்வார்கள். வுழூவில் மஸ்ஹ், தொழுகையில் சுஜூது பற்றியெல்லாம் முன்கூட்டியே உங்கள் மௌலவியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் பாடசாலை விடுமுறையில் செய்தது இதற்காகத்தான்.

2 முதல் 6 கிழமைக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். ஏமாந்துவிட்டோம் என்று பலர் அழுவது இந்த நேரத்தில்தான். வேர் உள்ளே இருக்கிறது. 3, 4 மாதத்தில் முளைக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம், சிலருக்கு 18 மாதம் ஆகும். அந்தக் காலத்தில் கடும் வெயிலில் தலையை மூடுங்கள். சிகரெட்டை விடுங்கள், அது தலைக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

இன்னொன்று. டெங்கு, கடும் காய்ச்சல், திடீரென மெலிதல், இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் பிரச்சினை எல்லாமே முடியைக் கொட்ட வைக்கும். டெங்கு வந்து 2, 3 மாதம் கழித்துக் கொட்டுகிற முடி பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். காரணம் தெரியாமல் நடுகைக்கு ஓடாதீர்கள். தொப்பி போடுவதால் வழுக்கை வராது. தேங்காய் எண்ணெய் முடியின் தண்டுக்கு நல்லது, வேருக்கு மருந்தில்லை. உம்மாவின் குடும்பத்தில் இருந்து மட்டும்தான் வழுக்கை வரும் என்பதும் பிழை, இரண்டு பக்கமும் வரும். உம்ராவில் தலை மழித்தால் நட்ட முடி போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். ஆறிய தலையை மழித்தால் திரும்ப வளரும். பின்தலைத் தழும்பு மட்டும் அப்போது வெளியில் தெரியும்.

நகை அடகு வைக்க யோசித்த பிள்ளைக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "மகன், நகை இருக்கட்டும். முதலில் போதனா வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக்குக் காட்டு, அது இலவசம். என்ன வகை உதிர்வு என்று தெரிந்துகொள். வைத்தியர் சொன்னால் ஒரு வருடம் ஒழுங்காக மருந்து எடு. சிலருக்கு அதுவே போதும். போதாவிட்டால், நடுகைச் செலவோடு வருடா வருடம் வரும் மருந்துச் செலவையும் கூட்டிப் பார். அந்தக் கணக்குக்கு உன் சம்பளம் தாங்குமென்றால் செய். ஒரு நாளில் எத்தனை கிராஃப்ட் வைப்பார்கள் என்று கேட்பதற்கு முன்னால், பின்தலையில் எத்தனையை மிச்சம் வைப்பார்கள் என்று கேள்."

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளை பார்க்கப் போகும் வீட்டில் "முன்னுக்குக் கொஞ்சம் காலி போல" என்று நாம் சிரித்துக்கொண்டு சொல்வதுதான் இந்தப் பிள்ளைகளைக் கடனாளியாக்கி விமானம் ஏற்றுகிறது. என் தம்பி 24 வயதில் ஓடியதும் அப்படி ஒரு பேச்சுக் கேட்ட மாதத்தில்தான். பிள்ளையின் குணத்தையும் தொழிலையும் பாருங்கள். தலையை அவனிடமே விட்டுவிடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. பயன்படும் என்று நினைத்தால் தேவையானவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.