உரைகல்லின் உரை

2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் உழுது கிடந்த வயல் ஒன்றில், டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் உலோகங்காண் கருவியொன்றைக் கையிலேந்தி நடந்துகொண்டிருந்தார். புதிய கருவிகள் பல சந்தைக்கு வந்துவிட்ட காலம் அது. அவர் கையிலிருந்ததோ பதினான்கு ஆண்டுப் பழைய கருவி. அது எழுப்பிய ஓசையைப் பின்பற்றித் தோண்டிய இடத்தில், ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொற்புதையல்களுள் இதுவரை கிடைத்தவற்றிலேயே பெரியது வெளிப்பட்டது. ஏறத்தாழ நான்கு கிலோ பொன் அதில் இருந்தது. இத்துறையில் நெடுநாள் பழகியோர் பலர் இன்றும் பழைய கருவிகளையே விரும்புகின்றனர். புதியது திரையில் எண்ணைக் காட்டிவிடுகிறது. பழையதோ ஓசையை மட்டும் தருகிறது. அவ்வோசைக்குப் பொருள் காணும் பொறுப்பைக் கேட்பவர் செவிக்கே விட்டுவிடுகிறது. அதுவே அவர்கள் சொல்லும் காரணம்.

இச்செய்தியைப் படித்தபோது, என் நினைவு ஆரப்பாளையத்துச் சந்து ஒன்றை நோக்கி ஓடியது. தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் செல்லும் பேருந்துகளின் இரைச்சல் ஒருபுறமும், நீரற்ற வைகையின் மணல் மறுபுறமுமாக அமைந்த பகுதியில் எங்கள் வீடு. வீட்டுக்கு நான்கு வாசல் தள்ளிப் பொற்கொல்லர் ஒருவரின் பட்டறை இருந்தது. அவரை ஆசாரி ஐயா என்று அழைத்தே வளர்ந்தோம். பள்ளி விட்டதும் அப்பட்டறைத் திண்ணையில் அமர்ந்து, அவர் ஊதுகுழலால் ஊதுவதையும் அரத்தால் அராவுவதையும் பார்த்திருப்பது என் பொழுதுபோக்கு. அங்கிருந்த பொருள்களுள் என் மனத்தைக் கவர்ந்தது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருங்கல். அதுவே உரைகல்.

அதன் செயல்முறை மிக எளியது. ஐயத்துக்குரிய பொன்னைக் கல்லில் ஒருமுறை இழுப்பார். மஞ்சட்கோடு ஒன்று விழும். மாற்று அறியப்பட்ட பொன்னை முனையில் பதித்த உரையாணியால் அதன் அருகில் இன்னொரு கோடு இழுப்பார். இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்து ஒப்பிடுவார். செம்பு மிகுந்தால் கோடு சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளுக்கும். மேலும் ஐயமிருந்தால் ஒரு துளித் திராவகம் இடுவார். தாழ்ந்த உலோகம் கரைந்தோட, பொன் மட்டும் கல்லில் நிற்கும். பணி முடிந்ததும், கல்லில் ஒட்டிய பொற்றுகளை மெழுகில் ஒற்றி எடுத்து வைப்பார். தூய பொன்னுக்குப் பத்தரை மாற்று என்பது நம் முன்னோர் கணக்கு. அக்கணக்கில் இருபத்திரண்டு கேரட் என்பது ஒன்பதரை மாற்றுக்குச் சற்று மேல்.

பிற்காலத்தில் தமிழ் பயின்றபோதுதான், அத்திண்ணையில் நான் கண்டது ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி உடையதென அறிந்தேன். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இந்நகரத்து அங்காடி வீதியில் நின்றோரை வரிசைப்படுத்தும்போது, பொன்னை உரைத்து மாற்றுக் காண்போரையும் மறவாது சேர்த்திருக்கிறார். கச்சிப்பேட்டு நன்னாகையார் என்னும் பெண்பாற் புலவர், குறுந்தொகையின் 192ஆம் பாடலில், பூந்தாது படிந்த கருங்குயிலைப் பொன் உரைத்த கட்டளைக்கல்லுக்கு ஒப்பிடுகிறார். சங்கப் புலவர் சிலர் வண்ணக்கன் என்னும் அடைமொழியுடன் வழங்கப்படுகின்றனர்; நாணயத்தின் தரம் நோக்குவோர்க்கு உரிய பெயர் அது என்பர் அறிஞர். பொன்னின் மாற்றறிந்தவர் சொல்லின் மாற்றையும் அறிந்திருந்தனர் போலும்.

இன்று நிலைமை மாறிவிட்டது. நகைக் கடைகளில் ஊடுகதிர்ப் பொறி வந்துவிட்டது. நகையை உள்ளே வைத்து மூடினால், ஊடுகதிர் பட்டு ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரை உமிழ, ஒரு நிமிடத்துக்குள் பொன் இத்தனை விழுக்காடு, செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை என்று சீட்டு வந்துவிடுகிறது. நகைக்குத் தேய்மானமும் இல்லை. இப்பொறிகளையும் தர முத்திரையையும் நான் குறைத்துரைக்க மாட்டேன். 2000ஆம் ஆண்டு தொடங்கிய முத்திரை முறை 2021 ஜூன் 16 முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன், மாற்றுக் குறைந்த பொன்னை இருபத்திரண்டு கேரட் என நம்பி வாங்கி, விற்கும் நாளில் கண்ணீர் வடித்த குடும்பங்கள் எத்தனையோ! ஆயினும் ஒரு வியப்பு: பொறி காட்டும் எண்ணையும் நம் கடைக்காரர் 'டச்' என்றே சொல்கின்றனர். கல்லில் தொட்டுரைத்த காலத்தின் எச்சம் அச்சொல். பொறி மாறியும் பெயர் மாறவில்லை.

2023ஆம் ஆண்டு, அத்தாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. நன்னிமாவிடமிருந்து அம்மாவுக்கு வந்த ஐந்து பவுன் அட்டிகையை விற்பதென முடிவாயிற்று. 1963ஆம் ஆண்டு நன்னிமாவின் நிக்காஹுக்கு நன்னா செய்து போட்டது அது. ஆண்டுதோறும் ரமலானில் ஜகாத் கணக்கிடும்போது வெளியே எடுத்து நிறுப்பதைத் தவிர, அம்மா அதனை அதிகம் அணிந்ததில்லை. கடையொன்றில் பொறியில் வைத்துப் பார்த்தனர். இருபது கேரட் என்று சீட்டு வந்தது. விலையும் பேசியாயிற்று. மறுநாள் வந்து பணம் பெற்றுக்கொள்வதாகக் கூறித் திரும்பினோம்.

வழியில் அம்மா சொன்னார்: “செஞ்சவர் கண்ணுல ஒருதடவை காட்டிட்டுக் கொடுத்துருவோம்.”

ஆசாரி ஐயா எண்பதைக் கடந்துவிட்டார். பட்டறை மூடிப் பல ஆண்டுகள் ஆயின. அட்டிகையை வாங்கி, கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். பின் உள்ளே சென்று, துணியில் சுற்றிய உரைகல்லையும் ஆணிகளையும் சிறு அரத்தையும் எடுத்து வந்தார். வெளியே தெரியாத கொக்கியின் உட்புறத்தில் மெல்ல அராவி, அவ்விடத்தைக் கல்லில் இழுத்தார். அராவாத இடத்தையும் அதன் பக்கத்தில் இழுத்தார். முதற்கோடு சிவந்திருந்தது, இரண்டாவது மஞ்சளாக இருந்தது. ஆணியின் உதவியின்றியே, அருகிலிருந்த நாங்களும் அவ்வேறுபாட்டைக் கண்டோம்.

“இது பதினாலு தாயி. ஆறு மாத்துக்குக் கொஞ்சம் மேல. எங்கய்யாவும் நானும் சேந்து செஞ்சது” என்றார்.

அம்மா பேசவில்லை. அவரே தொடர்ந்து சொன்னவற்றின் சாரம் இது: 1962இல் சீனப் போர் நிகழ்ந்ததை அடுத்து, 1963 ஜனவரியில் அரசு பொற்கட்டுப்பாடு கொண்டுவந்தது. பதினான்கு கேரட்டுக்கு மேல் புதுநகை செய்யலாகாது என்பது ஆணை. பொற்கொல்லர் குடும்பங்கள் பல அடுப்பெரிக்க வழியின்றித் தவித்த காலம். (1968இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டு, 1990இல்தான் அது நீக்கப்பட்டது.) அந்நாளில் பட்டறைக்கு வந்த நன்னாவிடம் உண்மையைக் கூறியபோது, அவர் ஒன்றே வேண்டினார். நிறம் மங்கலாகத் தெரிந்தால் மணப்பெண் மனம் சிறுக்கும், நிறம் ஏற்றித் தாருங்கள், பெண்களிடம் சொல்லவேண்டாம். உப்பும் படிகாரமும் வெடியுப்பும் சேர்த்துக் காய்ச்சிய நீரில் நகையை இட்டால், மேற்பரப்பிலுள்ள செம்பு அரிபட்டுப் பொன் மட்டும் தங்கும். அவ்வாறு நிறம் ஏற்றப்பட்டதே அந்த அட்டிகை.

பொறி பொய் சொல்லவில்லை. ஊடுகதிர், பொன்னின் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழமே அறியவல்லது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தான் கண்டதை அது சொன்னது. அராவியபின் வைத்திருந்தால் அதுவும் உண்மையையே காட்டியிருக்கும். ஆனால் அராவ வேண்டும் என்று அறிந்தது, ஒரு முதியவரின் கை. ஸ்டாஃபோர்ட்ஷயர்ப் புதையலிலும் இதே செய்தி உண்டு. அப்பொருள்களின் மேற்பரப்பிலும் பண்டைப் பொற்கொல்லர் பிற உலோகத்தை நீக்கிப் பொன்னிறம் ஏற்றியிருந்ததை 2014இல் ஆய்வாளர் அறிவித்தனர். மேற்புறத்தை மட்டும் அளந்தால் கணக்குப் பிழைக்கும் என்பதை அப்புதையலும் உணர்த்திற்று. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் கடல்களுக்கும் அப்பாலிருந்த கைகளும், ஆரப்பாளையத்துக் கைகளும் ஒரே நுட்பத்தை அறிந்திருந்தன.

இனி என் நிலையைச் சொல்லவேண்டும். இருபதுக்கும் பதினான்குக்கும் இடையே, அந்த ஐந்து பவுனில் ஒன்றேகால் பவுன் தூய பொன் வேறுபடுகிறது. மருத்துவச் செலவு எதிரே நின்றது. ‘பொறி அவர்களுடையது, சோதித்தவர்களும் அவர்களே, நாம் ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லவில்லையே’ என்று என் மனம் வாதாடியது. வகுப்பறையில் அறத்துப்பால் நடத்துபவனின் மனம் அவ்வாறு வாதாடியது என்பதை மறைப்பதற்கில்லை.

அம்மாவுக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை. “தெரியாம வித்தா அது வேற. இப்பத் தெரிஞ்சுபோச்சு” என்றார். மறுநாள் தம் கையில் கிடந்த இரண்டு முத்திரை வளையல்களைக் கழற்றித் தந்தார். குறைந்த தொகைக்கு மாமாவிடம் கைம்மாற்று வாங்கினோம். அட்டிகை இன்று அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. அறுபது ஆண்டுகளாக முழு மாற்றுக்கே ஜகாத் கணக்கிட்டு வந்த நன்னா, தாம் மறைத்த குறையை அவ்வாறு ஈடு செய்யத் தொடங்கிவைத்தாரோ என்று அம்மா ஒருநாள் கேட்டார். விடை கூற யாரும் இல்லை.

பழைய கருவிகள் ஏன் நிலைக்கின்றன என்பதற்கு, நான் கண்ட விடை இதுவே. பொறியின் எண்ணை நாம் நம்பவேண்டும். கல்லின் கோட்டையோ விற்பவர், வாங்குபவர் இருவரும் காணலாம். பொறியை இயக்குபவர் யாராயினும் எண் ஒன்றே. கல்லை இழுப்பவரோ தம் கண்ணையும் வாக்கையும் அதனுடன் சேர்த்து வைக்கிறார். அதனால் கல்லிலும் தீங்கு நேரலாம். மாற்றறிந்த பொற்கொல்லன் ஒருவன் பொய்யுரைத்ததாலும், அரசன் ஆராயாமல் நம்பியதாலும் எரிந்த நகரமன்றோ இது! திருவள்ளுவர் ஒருவரின் செயலையே அவரை அறியும் கட்டளைக்கல் என்றது எண்ணத்தக்கது.

தமிழில் உரைத்தல் என்பது தேய்த்தலையும் குறிக்கும், சொல்லுதலையும் குறிக்கும். நாணயம் என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். அன்று ஆசாரி ஐயா வாய்திறவாமல் அட்டிகையைத் திருப்பித் தந்திருக்கலாம். அவர் கல்லிலும் உரைத்தார், சொல்லாலும் உரைத்தார். சென்ற பெருநாளன்று அவரைக் காணச் சென்றபோது, அந்த உரைகல்லை என் கையில் வைத்து, “பட்டறைதான் இல்ல, பள்ளிக்கூடத்துல காட்டுங்க தம்பி” என்றார். இவ்வாண்டு மதுரைக்காஞ்சி நடத்தும் நாளில், அதனை வகுப்புக்கு எடுத்துச் செல்வேன். அந்தச் சிவந்த கோடு இன்னும் அதில் இருக்கிறது. அதனை மட்டும் அவர் மெழுகில் ஒற்றி எடுக்கவில்லை.