ஞாயிறு பின்னேரம்

ரீச்சரின் வரவு இடாப்பைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதில் இருந்த பெயர்கள் எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒன்றைக்கூட இங்கே எழுதப்போவதில்லை. சிலர் இன்றும் கல்முனையில் கடை வைத்திருக்கிறார்கள். சிலர் கனடாவிலும் சுவிஸிலும் பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். சிலருடைய தாய்மார் ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் முன்னால் போய் மகனின் படத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். பெயர் சொல்லாமல் எழுதினாலும் வாசிக்கிறவர்கள் தங்களைக் கண்டுகொள்வார்கள்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கடற்கரை வீதியால் வந்தால் கல்லாறு தாண்டிப் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். தமிழ் ஊர் முடிகிற இடத்தில் முஸ்லிம் ஊர் தொடங்கும், எல்லை ஒரு ஒழுங்கைதான். மருதமுனையில் தறிச் சத்தம், பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு, கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம். இவற்றுக்கு நடுவில்தான் கிறிஸ்தவர்களான நாங்கள் கொஞ்சப்பேர் இருந்தோம். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து ஒரு வருஷம் முடியுமுன்னே இறந்துபோன வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகர் போட்ட விதையின் மிச்சம் நாங்கள்.

முந்தின தலைமுறைக்குப் பள்ளிக்கூடமே சபையாக இருந்தது. 1960க்குப் பிறகு அரசாங்கம் மிஷன் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றது. கல்முனை உவெஸ்லியும் அரசாங்கப் பள்ளிக்கூடமானது. சின்னப் பிள்ளைகள் ஞாயிறு பாடசாலைக்கு வந்தார்கள், பெரியவர்கள் ஆராதனைக்கு வந்தார்கள். பதின்மூன்று வயதில் மீசை அரும்பினவனுக்கும் தாவணி போட்டவளுக்கும்தான் ஆலயத்தில் இடமில்லாமல் போனது. அவர்கள் கடைசி வாங்கில் இருந்து, பிறகு வெளியே மதிலில் இருந்து, பிறகு வராமலே விட்டார்கள்.

ரீச்சர் கணக்குப் படிப்பித்தவர், கலியாணம் முடிக்காதவர். 1985 சித்திரையில் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அவருடைய வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அந்த வாங்கு நடுவில் வெறுமையாக இருந்ததாம். அன்றுதான் தனக்குள் ஒரு முடிவு வந்தது என்று பின்னாளில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஆலயத்தின் பின் விறாந்தையில் எங்களைச் சேர்த்தார். நாங்கள் ஆறேழு பேர் இருப்போம். முதலில் கணக்கு, பிறகு பாட்டு, அதற்குப் பிறகு வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து நாங்கள் சண்டை பிடிக்கலாம். எவ்வளவு குறுக்குக் கேள்வி கேட்டாலும் கோபிக்கமாட்டார். முடிவில் முற்றத்தில் கிளித்தட்டு. நனைந்த வேப்பஞ்சருகு மணமும், பெடியன்களின் வியர்வையும், பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற வாசமும் கலந்து வரும். பிளேன்ரீக்குச் சீனி கையில் கொட்டித் தருவார், நக்கி நக்கிக் குடிப்போம்.

உலகத்தில் எங்களைப் போன்றவர்களுக்காக யார் யார் பாடுபட்டார்கள் என்பதையெல்லாம் அவர் கதையாகச் சொல்லுவார். 1881இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் வாலிபர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கியதையும், 1868இல் ஜோசையா ஸ்பையர்ஸ் என்ற மனிதர் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை மணலில் கடவுளின் அன்பைப் பற்றி எழுதி, விளையாட வந்த பிள்ளைகளைக் கொண்டு அந்த எழுத்துகளைச் சிப்பியால் அலங்கரித்ததையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். கதையோடு நிற்கமாட்டார். ஒருநாள் எங்களையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த முஸ்லிம் ஆட்கள் வலையை விட்டுவிட்டு, நாங்கள் மணலில் என்ன எழுதுகிறோம் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு காக்கா தன் மடியிலிருந்த நல்ல சங்கு ஒன்றை எடுத்து எழுத்தின் முடிவில் வைத்தார்.

1989இல் பிள்ளைபிடி தொடங்கியது. ரியூசனுக்குப் போன பெடியன்களைச் சைக்கிளோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டது. சரணடைந்த பொலிஸ்காரர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், புலிகள் இயக்கம் பின்வாங்கியது, ஆமி வந்தது, பஸார் எரிந்தது, தெருவில் டயர் எரிந்தது, டயரோடு வேறென்ன எரிந்தது என்று கேட்கவேண்டாம். ஓடினோம், ஒளித்தோம், திரும்பி வந்தோம், மறுபடி ஓடினோம். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு ஒழுங்கையின் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் பார்க்கவே பயந்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் தபேலா வாசித்த ஒருவன் இருந்தான். மெலிந்த, நீண்ட விரல்கள். பாட்டில்லாத நேரத்திலும் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பான். ஒரு சுற்றிவளைப்பில் எல்லோரையும் மைதானத்தில் இருத்தினார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடின தலையாட்டி இருந்தது. அவனுக்கு முன்னால் வந்தவனுக்கு அது அசையவில்லை, அவனுக்கு அசைந்தது. பதினாறு வயது. அதன் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. அவனுடைய அம்மா கொஞ்சக்காலத்தில் ஞாயிறு பின்னேரங்களில் விறாந்தைக்கு வரத் தொடங்கினார். கேத்திலை அடுப்பில் ஏற்றுவார், எல்லோருக்கும் ஊற்றுவார், பாட்டுத் தொடங்கினால் குசினிக்குள் போய்விடுவார். சாகும்வரை எங்கள் தேத்தண்ணியை அவர்தான் ஊற்றினார். நான் அந்தத் தாயை மறந்தால் எனக்கு ஊழியம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த விறாந்தைக் கூட்டம்தான் எங்கள் வாலிபர் ஐக்கியம். அது வளர்ந்தது அந்தக் கெட்ட வருஷங்களில்தான். 1993 அளவில் விறாந்தை கொள்ளவில்லை, மாமரத்தடியிலும் பாய் விரித்தோம். பிரசங்கத்தைக் கேட்டு அவ்வளவு பேரும் வரவில்லை. மைதானம் முகாமாகியிருந்தது, படமாளிகை பூட்டியிருந்தது, பின்னேர ரியூசன் நின்றிருந்தது. பதின்ம வயதுப் பிள்ளை வெளியில் நிற்பதே குற்றமாக இருந்த ஊரில் அவர்கள் சத்தமாகச் சிரிக்க அந்த ஒரு முற்றம்தான் மிஞ்சியிருந்தது. தாய்மார் நம்பி அனுப்பியதற்கு இன்னொரு காரணம் இருந்தது. மைம்மலாகுமுன் ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார். ஐந்து மணிக்குக் கூட்டம் முடியும், ஆறு மணிக்குள் அவர் கல்முனையைச் சுற்றி வந்திருப்பார். அதிரடிப்படைக் காவலரணில் மறித்தால், "என்ர பிள்ளையள்" என்று மட்டும் சொல்லுவார். இந்துப் பிள்ளைகளும் அந்த வரிசையில் நடந்தார்கள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்ததும் வீதிகள் திறந்தன. வெளியூர் முகாம்களுக்குப் போனோம். 1976 முதல் இலங்கையில் யூத் ஃபோர் கிறைஸ்ட் இயக்கத்தை வழிநடத்திய அஜித் பெர்னாண்டோவின் எழுத்துகள் எங்கள் கையில் கிடைத்தன. ஆலயத்துக்கே வராத பிள்ளைகளைத் தேடிப் போகிற அந்த இயக்கத்தின் வழி ரீச்சருக்கு மிகவும் பிடித்தது. "நாம விறாந்தையில இருந்து பார்த்துக்கொண்டிருந்தா காணாது" என்றார்.

தேடிப் போனபோதுதான் அவளைக் கண்டோம். 2004 மார்ச்சில் கருணா புலிகளிலிருந்து பிரிந்து, சித்திரையில் வெருகலில் சண்டை நடந்து, கிழக்குப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்ன காலம். கட்டையாக வெட்டின தலைமயிரைச் சால்வையால் மூடிக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தாள். பதினாறு வயது இருக்கும். ரீச்சர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து பேன் பார்த்தார், எண்ணெய் வைத்தார், போய்விட்டார். அடுத்த கிழமையும் அப்படியே. மூன்று மாதம் கழித்து அவளாகவே விறாந்தைக்கு வந்தாள். நத்தாருக்குள் மயிர் கழுத்துவரை வளர்ந்திருந்தது. ஒளிவிழா நாடகத்தில் தேவதூதனாக நிற்கச் சொன்னோம். செட்டையைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவள் முகத்தில் வந்த வெட்கத்தை நான் இப்போது எழுதும்போதும் பார்க்கிறேன்.

டிசம்பர் 26, ஞாயிறு, போயா நாள். காலை ஆராதனைக்கு நான் பூச்சாடி கழுவிக்கொண்டிருந்தேன். கடல் பக்கத்தில் லொறி லொறியாகக் கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம். ஒரு காக்கா சாரனை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வருகிறார், "கடல் வருகுது! ஓடுங்க, ஓடுங்க!" திரும்பினேன், கறுப்பாக, வீட்டுக் கூரை உயரத்தில், மரத்தையும் தோணியையும் உருட்டிக்கொண்டு வருகிறது. மேற்கே வயல் பக்கம் ஓடினோம். யார் பிள்ளை என்று பார்க்காமல் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எனக்கு முன்னால் அவள், இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. வயலுக்குள் விழுந்தெழும்பி எங்களை வரிசையாக நிறுத்தி எண்ணினாள். அப்போது இடுப்பிலிருந்த குழந்தை "உம்மா, உம்மா" என்று அழுதது.

ரீச்சரின் வீடு கடற்கரையில் இருந்தது. மூன்றாம் நாள் அவரைக் கண்டெடுத்தோம். கையில் எப்போதும் கட்டும் மணிக்கூட்டைக் கொண்டுதான் அடையாளம்.

இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறையில்தான் கூடுதலான பேர் இறந்தார்கள், பத்தாயிரத்துக்கும் மேல். எங்கள் கரையில் இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். எங்கள் வாலிபர்கள் சடலம் தூக்கினார்கள். கிளித்தட்டில் கோடு மறித்த கைகள் அவை. மருதமுனையில் ஒரு துணிக்கடைக் காக்காவிடம் வெள்ளைத் துணி கேட்டுப் போனேன். அவர் தன் மகளை அன்று காலைதான் அடக்கியிருந்தார். "காசுக் கதை பேசாதீங்க புள்ள. அந்தக் கட்டு முழுக்க எடுங்க" என்றார். ரீச்சரை அந்தத் துணியில்தான் சுற்றினோம்.

பிறகு வெளிநாட்டு வாகனங்கள் வந்தன. நல்லவர்கள் பலர். சிலர் அரிசிப் பொதிக்குள் துண்டுப் பிரசுரம் வைத்தார்கள். மதமாற்றத் தடைச் சட்டமூலம் என்று கொழும்பில் அந்த வருஷம்தான் பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது. பொதியைப் பிரித்த உம்மாமாரின் முகம் சுருங்கியதை நான் கண்டேன். வாலிபர்களே கூடி முடிவெடுத்தார்கள்: எங்கள் கையால் கொடுக்கும் பொதிக்குள் அரிசியும் பருப்பும் மட்டும் இருக்கும், எங்கள் பின்னேர வகுப்புக்கு வருகிற எந்தப் பிள்ளையையும் முழங்காலில் நிற்கச் சொல்லமாட்டோம். பிள்ளைகள் எடுத்த அந்தத் தீர்மானம் சரியானது. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற விதியால் தகரக் கொட்டிலிலேயே வருஷக்கணக்கில் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகள், தமிழும் முஸ்லிமும், அந்த வகுப்பிலிருந்துதான் சாதாரண தரம் எழுதினார்கள். ரீச்சரின் இடத்தில் நான் நின்றேன். வயலில் எங்களை எண்ணினவள் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வேலையை எடுத்துக்கொண்டாள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்து நின்ற பிள்ளைகளுக்கு நடுவில் குண்டு வெடித்தது. பதினான்கு பிள்ளைகள். எங்கள் விறாந்தையில் வளர்ந்த ஒருத்தி மட்டக்களப்பில் தாதி. அன்றிரவு எனக்குப் போன் எடுத்தாள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஐந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை இரவு, சாய்ந்தமருதில் சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில், குண்டு வைத்த கும்பல் ஒளிந்திருந்த ஒரு வீட்டில் சூடும் வெடிப்பும். அந்த வீட்டைப் பற்றிச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம் மக்களே. குண்டை வெடிக்கவைத்தவர்களோடு அவர்களுடைய ஆறு பிள்ளைகளும் செத்தார்கள்.

ஊரடங்கு நீங்கிக் கூடினபோது பெயர் சொல்லி ஜெபிக்கலாம் என்றேன். சீயோனின் பிள்ளைகளுக்காக ஜெபித்தோம். ஒரு பெடியன் கேட்டான், "அக்கா, அந்த ஆறு பேருக்குமா?" நான் வாய் திறக்குமுன்னே பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று, "அதுகள் என்ன செய்ததுகள்?" என்றது. இருபது பிள்ளைகளுக்காகவும் ஒரே ஜெபம். எங்கள் ஐக்கியம் வளர்ந்தது என்று நான் சொல்வது இதைத்தான். பாயின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

மே முதல் வாரம் நோன்பு தொடங்கியது. வருஷாவருஷம் பக்கத்து வளவு ராத்தா மதிலுக்கு மேலால் நோன்புக் கஞ்சி தருவார். அந்த முறை வரவில்லை. மூன்றாம் நாள் எங்கள் பிள்ளைகள் வெறுஞ்சட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினார்கள். "ராத்தா, எங்களுக்குக் கஞ்சி இல்லையா?" அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இந்த முறை நீங்க குடிக்கமாட்டீங்க எண்டு நினச்சிட்டன் மகன்." தேங்காய்ப்பாலும் இஞ்சியும் ரம்பையும் மணக்கும் அந்தக் கஞ்சியை அன்று விறாந்தையில் எல்லோரும் குடித்தோம்.

இப்போது துப்பாக்கியும் தலையாட்டியும் இல்லை. ஐஸ் என்ற போதைப்பொருள் வந்திருக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு தகப்பன்மார் கட்டாருக்கும் தாய்மார் குவைத்துக்கும் போன வீடுகளில் பதின்மூன்று வயதுப் பிள்ளை தானே சமைத்துத் தானே சாப்பிட்டுத் தனியே படுக்கிறது. ஆலயங்களில் ஒலிபெருக்கி வாங்கக் காசு சேர்க்கிறோம், இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஆளை வைக்கக் காசில்லை என்கிறோம். இதை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். கிழக்கில் உள்ள ஒவ்வொரு சபையின் பெரியவர்களையும் கேட்கிறேன்: ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் பின் விறாந்தையைத் திறந்துவிடுங்கள். அவர்களைக் கேள்வி கேட்க விடுங்கள். இருட்டுமுன் ஒவ்வொருவரையும் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போக ஒரு பெரிய மனிசரை நியமியுங்கள்.