காத்து ராக்கெட்: வீட்டுல குழந்தை இருக்குறவங்களுக்கு ஒரு த்ரெட்

1/ வீட்டுல ஆறு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசுக்குள்ள குழந்தை இருக்குறவங்க இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. ஒரு பொம்மை ராக்கெட் செஞ்ச கதை. நடுவுல கொஞ்சம் மருத்துவம், கொஞ்சம் ரயில். செய்முறை இருக்கு, கண்ணுல அடிபட்டா என்ன பண்ணணும்ங்கறதும் இருக்கு.

2/ 2025 தீபாவளி சமயம். நைட் டியூட்டி. பத்து வயசுப் பையனை அவங்க அம்மா தோள்ல சாய்ச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க. வலது கண்ணைத் திறக்கவே விடல. முகமெல்லாம் வெள்ளைப் பொடி. "பைப்ல துப்பாக்கி செஞ்சாங்க சார், வெடிக்கலன்னு உள்ள எட்டிப் பாத்திருக்கான்"னு சொல்றாங்க. (அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/ ரீல்ஸ் பார்த்து அண்ணனும் தம்பியும் செஞ்ச பிவிசி பைப் துப்பாக்கி. உள்ளே கார்பைடு கல். மாம்பழத்தைப் பழுக்க வைக்கிறாங்கன்னு குடோன்ல ரெய்டு பண்ணிப் பிடிப்பாங்களே, அதே கல்தான். தண்ணி பட்டா அசிட்டிலின் வாயு வரும். கேஸ் வெல்டிங்ல எரியுறது அதுதான். மிச்சமா நிக்கிறது சுண்ணாம்பு.

4/ அதனால கண்ணுக்கு ரெண்டு அடி. ஒண்ணு வெடிப்போட சூடும் வேகமும். இன்னொண்ணு சுண்ணாம்பு. ஆசிட் பட்டா கண்ணோட மேல்பரப்புல புரதம் உறைஞ்சு ஓரளவுக்குத் தடுப்பு மாதிரி நிக்கும். சுண்ணாம்பு அப்படி நிக்காது, உள்ள இறங்கிக்கிட்டே போகும். வெத்தலைச் சுண்ணாம்பு பாக்கெட்டை அமுக்கி கண்ணுல தெறிச்சுக்கிட்டு வர்ற குழந்தைகளை எல்லா அரசு ஆஸ்பத்திரி டாக்டரும் பார்த்திருப்பாங்க.

5/ டிரிப் செட்டைக் கண்ணுக்கு மேல பிடிச்சு, அரை மணி நேரம் சலைன் விட்டுக் கழுவினோம். சிஸ்டர் இமையைத் திருப்பிப் பிடிக்க, பொடியைப் பஞ்சால எடுத்தேன். அப்புறம் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். 1819ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, ஆசியாவுலயே ரொம்பப் பழைய கண் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு. ஆம்புலன்ஸ் ஏத்தும்போது பையன்கிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "இனிமே இதெல்லாம் தொடவே கூடாது, என்ன?"

6/ அதே தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்துல போபால், விதிஷா பக்கம் இதே துப்பாக்கியால நூத்துக்கும் மேல பேர், பெரும்பாலும் குழந்தைங்க, கண் காயத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்த செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. சிலருக்கு பார்வையே போச்சு. அங்கயும் நிறைய பேர் செஞ்சது இதைத்தான். வெடிக்கலையேன்னு குழாய்க்குள்ள எட்டிப் பார்த்தாங்க.

7/ ஒன்றரை மாசம் கழிச்சு பையன் வந்தான், சளிக்கு மருந்து வாங்க. வலது கண்ணுல பெரிய எழுத்து தெரியுது, சின்ன எழுத்து தெரியல. கிளம்பும்போது கேட்டான்: "சார், நெருப்பு இல்லாம காத்துலயே போற மாதிரி ராக்கெட் செய்யலாமா? அதுவும் தொடக்கூடாதா?" அவங்க அம்மா தலையில ஒரு தட்டு தட்டினாங்க. எனக்குத்தான் பதில் வரல.

8/ யோசிச்சுப் பாருங்க. "தொடாதே"ங்கறது ஒரு சிகிச்சையா? பையன் கேட்டது சரியான கேள்வி. ஒண்ணு பறக்கணும், அது என் கையால பறக்கணும். பத்து வயசுல எல்லாருக்கும் இருக்குற ஆசை. எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. ராஜாளி கடற்படைத் தளத்து விமானம் தினமும் தலைக்கு மேல போகுது. அந்த ஆசையை வெட்ட முடியாது, வேற பக்கம் திருப்பலாம்.

9/ முதல்ல செஞ்சது ஸ்ட்ரா ராக்கெட். பெரிய ஸ்ட்ராவை ஒரு பக்கம் அடைச்சு, சின்ன ஸ்ட்ரா மேல மாட்டி வாயால ஊதுறது. நல்லாத்தான் பறந்துச்சு. ஆனா டாக்டர் மூளை சும்மா இருக்காதே. குழந்தை ஊதுறதுக்கு முன்னாடி என்ன பண்ணும்? மூச்சை நல்லா உள்ள இழுக்கும், வாயிலேர்ந்து குழாயை எடுக்காமலே. குழாய்க்குள்ள சின்னதா ஒரு விதையோ ஊசியோ போட்டிருந்தா நேரா மூச்சுக்குழாய்க்குப் போகும். அப்படி உள்ள போனதை பிராங்கோஸ்கோப் விட்டுத்தான் எடுக்கணும். வாயால ஊதிச் சுடுற எல்லாத்தையும் தள்ளி வச்சேன்.

10/ ரெண்டாவது, என்னோட பழைய பிபி மெஷின் பல்ப். ரப்பர் பல்பை அமுக்கினா ஸ்ட்ரா பறக்கும். வீட்டுக்குள்ள விளையாட, சின்னப் பிள்ளைகளுக்கு இது போதும். இங்க ஒரு விஷயம்: சிரிஞ்சை வச்சு துப்பாக்கி செய்யுற வீடியோ நிறைய சுத்துது. தயவுசெஞ்சு வேண்டாம். பிள்ளைங்க கடையில போய் புது சிரிஞ்ச் வாங்க மாட்டாங்க, குப்பையில கிடக்கறதை எடுப்பாங்க.

11/ மூணாவதுதான் நான் பண்ணின முட்டாள்தனம். பிவிசி பைப்ல ரெண்டு பக்கமும் மூடி, ஒரு சைக்கிள் வால்வு, ஒரு டேப். பம்பால காத்தடிச்சு அடைச்சு வச்சு, டேப்பைத் திறந்தா ராக்கெட் கிளம்பணும். அஞ்சாவது தடவை மூடி பிச்சுக்கிட்டு என் முழங்கால்ல அடிச்சுது. ரெண்டு வாரம் நொண்டினேன். ஆஸ்பத்திரில கேட்டவங்ககிட்ட பாத்ரூம்ல வழுக்கினதா சொல்லிட்டேன்.

12/ சிரிக்காதீங்க, மூடி போனதால தப்பிச்சேன். பைப்பே வெடிச்சிருந்தா? தண்ணியை அழுத்த முடியாது, அதனால தண்ணி பைப் விரிசல் விட்டா பீச்சி அடிக்கிறதோட சரி. காத்தை அழுத்தி வச்சா அது ஸ்பிரிங் மாதிரி. பைப் உடைஞ்ச நொடியில அவ்வளவும் ஒரே நேரத்துல விரியும். பிவிசி கூர்கூரா சிதறும். அந்தச் சில்லு உடம்புக்குள்ள போனா எக்ஸ்ரேல சரியா தெரியாது. பிவிசி பைப்ல காத்தை அடைச்சு வைக்காதீங்க.

13/ நொண்டிக்கிட்டே அரக்கோணம் ஜங்ஷன்ல சென்னை வண்டிக்கு நிக்கிறேன். பக்கத்துல நின்ன வண்டியிலேர்ந்து 'புஸ்ஸ்'னு காத்து இறங்குது. எங்க ஊர்ல பொறந்த எல்லாருக்கும் பழகின சத்தம். 1856ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடுக்கு ஓடின தென்னிந்தியாவோட முதல் ரயில் பாதையில இருக்குற ஊராச்சே. அந்தச் சத்தத்துலதான் எனக்கு விடை இருந்துச்சு.

14/ ரயில் பிரேக் காத்துல வேலை செய்யுது. வண்டி முழுக்க ஒரு குழாய் ஓடும், அதுல சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். பிரேக் போட காத்தை உள்ள அனுப்பணும்னுதானே நினைப்போம்? தலைகீழ். அழுத்தம் இருக்குற வரைக்கும் சக்கரம் ஓடும். அழுத்தம் குறைஞ்சா பிரேக் பிடிக்கும். நீங்க செயினை இழுக்கும்போது காத்து வெளிய போகுது, அதான் வண்டி நிக்குது.

15/ 1869ல ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் முதல்ல செஞ்ச பிரேக் நாம நினைக்கிற மாதிரிதான் இருந்துச்சு, காத்தை அனுப்பினா பிடிக்கும். பிரச்சினை என்னன்னா, குழாய் அறுந்தா பிரேக்கே இல்ல. 1872ல அதைத் திருப்பிப் போட்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியா ஒரு காத்து டேங்க். குழாய் அறுந்தாலும், பெட்டி கழண்டாலும், வண்டி தானா நிக்கும்.

16/ அதாவது "தப்பே நடக்காது"ன்னு அவர் நம்பல. "தப்பு நடந்தா எந்தப் பக்கம் சாயும்?"னு கேட்டார். இந்தக் கேள்வியை பைப் துப்பாக்கிகிட்ட கேளுங்க. வெடிக்கலன்னா முகம் கிட்ட வரும், அப்ப வெடிக்கும். தப்பு நடந்தா குழந்தை பக்கம் சாயுற பொருள் அது. என்னோட மூணாவது மாடலும் அதே ஜாதிதான். நெருப்பு மட்டும் இல்ல.

17/ நாலாவது மாடல் மிதி ராக்கெட். கண்டுபிடிப்பு என்னோடது இல்ல. பள்ளி ஆசிரியர்களுக்கான நாசாவோட ராக்கெட் கையேட்டுலயே 2 லிட்டர் பாட்டிலை மிதிச்சு விடுற லாஞ்சர் இருக்கு. குப்பையிலேர்ந்து பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்து 2018ல பத்மஸ்ரீ வாங்கின அர்விந்த் குப்தாவோட வீடியோக்களைப் பிள்ளைகளோட உக்காந்து பாருங்க. நான் பண்ணினது, ஒவ்வொரு பாகத்தையும் அந்த ஒரே கேள்வியால சோதிச்சதுதான்.

18/ செய்முறை. பழைய 2 லிட்டர் கூல்டிரிங்க் பாட்டில். பழைய சைக்கிள் டியூப்பை வால்வு இருக்குற இடத்தை வெட்டி எடுத்துட்டு ஒன்றரை மீட்டர் நீளம். அரை இஞ்ச் பிவிசி பைப் 40 செ.மீ., ஒரு எல்போ, கைநீளத் துண்டு ஒண்ணு. டியூப்போட ஒரு முனை பாட்டில் வாயில, மறுமுனை சின்னத் துண்டு பைப்ல. ரெண்டையும் இறுக்கிச் சுத்தி டேப். சின்னத் துண்டு எல்போல, எல்போ மேல நீளப் பைப் நேரா நிக்கும். எல்போவை ஒரு பலகையில கட்டி, பலகை மேல ரெண்டு செங்கல்லைக் கயிறு போட்டுக் கட்டிடுங்க. மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள்ள.

19/ ராக்கெட்: பைப் மேல முதல்ல ஒரு பேப்பரைத் தளர்வா சுத்துங்க, அது அளவுக்கு மட்டும். அதுக்கு மேல ஏ4 தாளை உருட்டி டேப் ஒட்டுங்க. உருவினா சிக்காம வரணும். மேல் முனையை மடிச்சு காத்து போகாம ஒட்டி, மூக்குல பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒரு துண்டு. கீழ அட்டையில மூணு இறக்கை. ஒரு ஏ4 தாள் 5 கிராம்தான். எல்லாம் சேர்ந்து 10 கிராமைத் தாண்ட வேண்டாம்.

20/ இப்ப கேள்வி கேட்கலாம். டியூப் கிழிஞ்சா? ராக்கெட் கிளம்பாது, அவ்வளவுதான். ராக்கெட் சிக்கிக்கிட்டா? காலை எடுத்ததும் அழுத்தம் பூஜ்யம். எட்டிப் பார்த்தாலும் உள்ள காத்திருக்குற சக்தி எதுவும் இல்ல. ஓங்கி மிதிச்சா? டியூப் கொஞ்சம் உப்பும், கொஞ்சம் ஒழுகும். அந்த நஷ்டம் நமக்கு லாபம்.

21/ செங்கல் எதுக்குன்னா, அது இல்லன்னா அஞ்சு நிமிஷத்துல பையன் பைப்பைக் கையில எடுத்து தங்கச்சியைக் குறி வைப்பான். 6 கிலோ செங்கல்லோட எடுக்க மாட்டான். டியூப் நீளமும் அதுக்குத்தான். மிதிக்கிறவன் இங்க, ராக்கெட் ஒன்றரை மீட்டர் தள்ளி. ஒரே ஆளால குறியும் பார்க்க முடியாது, சுடவும் முடியாது. குறி பார்க்க முடிஞ்சா அது துப்பாக்கி. இது ராக்கெட்.

22/ ஒரு இடத்துல கவனம் வேணும். மிதிச்ச பாட்டிலைத் திரும்ப உப்ப வைக்க பைப்ல ஊதணும். ஒருத்தன் ஊதும்போது இன்னொருத்தன் மிதிச்சா காத்து மொத்தமும் ஊதுறவன் வாய்க்குள்ள. அதனால எங்க விதி: மிதிக்கிறவன்தான் ஊதணும், ஊதும்போது பாட்டிலைக் கக்கத்துல இடுக்கிக்கணும். தரையில பாட்டில் இல்லன்னா மிதிக்க முடியாதே. பைப்ல வாய் படாம, முஷ்டியைக் குழல் மாதிரி வச்சு ஊதச் சொல்லுங்க.

23/ இவ்வளவுக்கு அப்புறமும் ஒண்ணு மிஞ்சும். மூக்குல ஸ்பாஞ்சுக்குப் பதிலா கல்லு வச்சா தூரம் போகுமான்னு ஒரு பிள்ளை கண்டிப்பா யோசிக்கும். அதுக்கு மட்டும் பெரியவங்க கண்ணு வேணும். ராக்கெட்டை ஏத்துறதுக்கு முன்னாடி மூக்கைத் தொட்டுப் பாருங்க. கிளப்பும்போது எல்லாரும் மிதிக்கிறவனுக்குப் பின்னாடி. பேப்பர் ராக்கெட்டும் பக்கத்துல இருந்து கண்ணுல பட்டா காயம்தான்.

24/ கடையில வாங்குறீங்களா? 2021 ஜனவரி 1லேர்ந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். எதையாவது எறியுற, சுடுற பொம்மைக்குத் தனியா சோதனை இருக்கு. திருவிழாக் கடையில முத்திரை இல்லாத பிளாஸ்டிக் குண்டு துப்பாக்கி தொங்கினா, பிள்ளை அழுதாலும் தாண்டி வந்துடுங்க.

25/ கண்ணுல சுண்ணாம்பு, கார்பைடு, ஆசிட், எது பட்டாலும்: அந்த இடத்துலயே, அந்த நிமிஷமே சுத்தமான தண்ணியை ஊத்திக்கிட்டே இருங்க. கால் மணி நேரமாவது. குழாய்த் தண்ணி போதும். கழுவாம ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்ற ஒவ்வொரு நிமிஷமும் பார்வை போகுது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் விடாதீங்க.

26/ கல்லு, குச்சி, பந்து பட்டு அடிபட்டிருந்தா: கசக்காதீங்க, அமுக்காதீங்க, குத்தி நிக்கிறதைப் பிடுங்காதீங்க, கழுவவும் வேண்டாம். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணு மேல படாம கவுத்து டேப் ஒட்டி, தலையை உசத்தி வச்சு கூட்டிட்டு வாங்க. வெளிய சிவப்பு இல்லன்னாலும் உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கலாம். "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம்.

27/ போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அந்தப் பையன் தெருவுல இதைக் கிளப்பினோம். அவன்தான் முதல் மிதி. ரெண்டு மாடி உசரம் போய், எதிர்வீட்டு வாட்டர் டேங்க் மேல விழுந்துச்சு. வலது கண்ணை மூடி, இடது கண்ணால அதைத் தேடினான். எனக்குத் தொண்டையை அடைச்சுது. அவன் அதையெல்லாம் கவனிக்கல. "சார், பேப்பர் இன்னும் இருக்கா?"ன்னான்.

28/ அவங்க அம்மா என்கிட்ட கேட்டது வேற: "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவன் அதைச் செஞ்சிருக்க மாட்டான்ல சார்?" தெரியல அம்மான்னு சொன்னேன். இந்த த்ரெட் எழுதினது அந்தக் கேள்விக்காகத்தான். அடுத்த தீபாவளிக்கு முன்னாடி, ரீல்ஸ் சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுல ஒரு பாட்டிலும் ஒரு பழைய டியூப்பும் தயாரா இருக்கட்டும்.