யமுனை விரைவுச்சாலையில் ஒரு பஞ்சர்

கிரேட்டர் நொய்டாவினின்று ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளும் யமுனை விரைவுச்சாலை 2012 ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. செல்லும் திசைக்கு மூன்று தடங்கள், கான்கிரீட் தளம். மாசித் திங்களில் இருமருங்கும் பசுங்கோதுமை வயல்கள் கண்ணுக்கு விருந்தாகும்.

அவ்வழியே நாங்கள் குடும்பத்துடன் தாஜ்மகால் காணச் சென்றபோது, காரை ஓட்டியவன் உரிமம் பெற்று இரு திங்களே ஆன எங்கள் மகன். மதுராவை நெருங்குகையில் வண்டி இடப்புறம் இழுத்தது, முன்டயரில் காற்றில்லை. அவன் பிரேக்கை அழுத்தி மிதியாது, வேகத்தைத் தானே தணியவிட்டு, இடதோரத்தில் நிறுத்தினான்.

ஸ்டெப்னியை எடுக்க விரைந்தவனிடம் எங்கள் தந்தையார், "பொறு அப்பா! முதலில் எல்லோரும் இரும்புத் தடுப்பிற்கு அப்பால் போகட்டும்" என்றார். எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, சிவப்பு முக்கோணத்தை வண்டிக்கு வெகு பின்னே வைத்தோம்.

கைப்பிரேக்கிட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, சக்கரம் தரையில் பதிந்திருக்கையிலேயே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தினான். ஜாக்கியில் தூக்கியபின் முயன்றால் சக்கரம் உடன் சுழலும், வண்டியும் நழுவக்கூடும். ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கினான். அரைமணியில் பணி முடிந்தது.

பயணம் மேற்கொள்ளும் அன்பர்கள் புறப்படுமுன் ஸ்டெப்னியிலும் காற்றுள்ளதா என நோக்குக. இடர் நேரின் 112 என்ற எண்ணை அழைக்கலாம். டயரை எப்போதும் மாற்றலாம். சாலையில் நிற்கும் உயிர்களைக் காப்பதே முதற்பணி.