சந்திரசேகரம்பிள்ளையைக் கூப்பிடுங்கோ

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்கு வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு குறையும் இராது. வைகாசி பிறந்து சோளகம் எழும்பினால்தான் குணம் மாறும். காலையில் சுவிட்சைப் போட்டால் விசிறி சுழலும், திரை இருண்டபடி கிடக்கும், உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம் விட்டுவிட்டு வரும். சில நாளில் எழும்பும். எழும்பி, நான் ஒரு பந்தி தட்டி முடிக்கும் நேரம் பார்த்து நீலத் திரையைக் காட்டிவிட்டுத் தானாகவே மறுபடி தொடங்கும். வெயில் ஏறி பத்து மணியானால் ஒரு சோலியும் இல்லை. இரவு படுக்கும் வரைக்கும் ஓடும்.

இப்படியொரு வியாதி உள்ள வீட்டுக்குப் புத்தி சொல்ல ஆள் பஞ்சமில்லை. ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் போனில் சொன்னான்: "மாமா, ரேமைக் கழற்றி அந்த மஞ்சள் பல்லுகளை அழிறப்பராலை தேச்சுப்போட்டுத் திரும்பக் கொழுவுங்கோ. ஆனால் கையிலை ஸ்டற்றிக் இருக்கும். முதல்லை ஒரு இரும்பைத் தொட்டிட்டு வேலையைத் தொடங்குங்கோ."

முதற்பாதி நல்ல யோசனை, தேய்த்த பிறகு சில நாள் ஒழுங்காக ஓடவும் செய்தது. பின்பாதி கனடாவின் யோசனை. குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டில் காற்றின் ஈரப்பதன் 10, 20 வீதத்துக்கு இறங்கிவிடும். அந்த வரட்சியில் கம்பளத்தின் மேல் நடக்கிற மனிதன் உடம்பில் 35,000 வோல்ற் வரைக்கும் ஏறலாம். ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேலே போனால் அதே நடைக்கு 1,500 வோல்ற்தான். நாங்கள் இருக்கிற வெள்ளவத்தையில் அந்த ஈரம் எந்நாளும் உண்டு, கம்பளம் எங்கள் வீட்டில் இல்லை. இருந்தாலும் மருமகனின் மனம் கோணக்கூடாதென்று ஜன்னல் கம்பியைத் தொட்டேன். துரு கையோடு வந்தது.

கொட்டாஞ்சேனையில் இருக்கிற சிநேகிதருக்கு உலகத்துக் கோளாறுகள் அத்தனைக்கும் ஒரே காரணம், கரன்ட். அவரைக் குறை சொல்ல முடியாது. 2022 மார்ச் 31ஆந் திகதி ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்த நாடு இது. அந்த வருசம் வீட்டு யூபிஎஸ்களின் ஈயப் பற்றரிகள் முழுதாகச் சார்ஜ் ஏற நேரமில்லாமல் வெறுமையாகவே கிடந்து செத்தன. பிறகு 2025 பெப்ரவரி 9. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து மின்மாற்றியைத் தொட்டதால் முழு இலங்கையும் இருளில் மூழ்கியதென்று எரிசக்தி அமைச்சரே சொன்னார். பழுது பார்க்கிற எவருக்கும் இவ்வளவு தெளிவான விடை இலேசில் வாய்க்காது. எங்கள் வீட்டிலோ குரங்கு இல்லை, யூபிஎஸ் புதிது, மீற்றரில் முள் 230ஐ விட்டு அதிகம் விலகவுமில்லை.

கடைசியில் ஓட்டோ பிடித்துப் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். குளிரூட்டிய கடை. பெடியன் மெல்லியவன், கெட்டிக்காரன். பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தான், இரவிரவாக ஞாபகச் சோதனை ஓடவிட்டான், மதர்போர்ட்டில் வீங்கின கப்பாசிற்றர் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துத் தேடினான். மறுநாள் போனபோது, "அங்கிள், இதிலை ஒரு பிழையும் இல்லை. உங்கடை வீட்டிலைதான் ஏதோ பிழை" என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் திரும்பி வரும் வழியில் ஞாபகத்துக்கு வந்தவர் ஆர்தர் சி. கிளார்க்.

1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் கொழும்பிலேயே காலமான விஞ்ஞானக் கதை எழுத்தாளர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு நெடுங்காலம் வேந்தர். 1968இல் வந்த அவருடைய '2001' கதையில் ஹால் 9000 என்ற கொம்பியூட்டர் விண்கலத்தையே ஓட்டுகிறது. பூமியை நோக்கி அன்ரனாவைத் திருப்பி வைத்திருக்கும் ஏஈ-35 என்ற உறுப்பு 72 மணித்தியாலத்துக்குள் பழுதாகிவிடும் என்று அது எச்சரிக்கிறது. வெளியே போய்க் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துச் சோதிக்கிறார்கள். ஒரு பிழையும் இல்லை. ஹாலுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அதைத் திரும்பப் பூட்டிவிட்டு, பழுதாகும் வரைக்கும் பொறுத்திருந்து பார்க்கலாம் என்கிறது.

இந்தக் கதையைப் படமாகப் பார்க்கிறவர்கள் ஹாலைச் சந்தேகிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். என்னைக் கேட்டால், திருத்துகிற தொழிலில் இதைவிட நேர்மையான யோசனை கிடையாது. வந்து வந்து போகிற பிழையை அது வருகிற இடத்தில், வருகிற நேரத்தில்தான் பிடிக்கலாம். மேசையில் வைத்தால் அது மேசையின் குணத்தைத்தான் காட்டும். எந்தக் கடைக்காரனும் இதைச் சொல்லமாட்டான். சொன்னால் காசு கொடுக்க ஆள் வராது.

அதற்குப் பிறகு நடக்கிற கொலைகளையும், போமன் என்ற விண்வெளி வீரர் ஹாலின் ஞாபகக் கட்டைகளை ஒவ்வொன்றாக இழுக்க அது பழைய பாட்டொன்றைப் பாடிப் பாடித் தேய்ந்து போவதையும் அநேகர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாட்டும் கற்பனையல்ல. பெல் ஆய்வுகூடத்தில் ஒரு ஐபிஎம் இயந்திரம் அதைப் பாடியதை 1962இல் கிளார்க் நேரே கேட்டிருந்தார். ரேமைக் கழற்றும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு பயம், இதுவும் பாடத் தொடங்கிவிடுமோ என்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த புத்தகம். 1982இல் வெளியான '2010'. கைவிடப்பட்ட கலத்துக்குத் திரும்பிப் போய், செத்துக் கிடக்கிற ஹாலை உயிர்ப்பித்து, என்ன பிழை என்று கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும். இலினோய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரை அனுப்புகிறார்கள். எல்லாரும் சந்திரா என்று கூப்பிடுகிறார்கள். முழுப்பெயர் டொக்டர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை.

உலக இலக்கியத்திலேயே பேர்போன கொம்பியூட்டர் வைத்தியர் எங்கடை ஆள்! இந்தப் பெயரை ராமகிருஷ்ணா வீதியில் நின்று உரத்துக் கூப்பிட்டால் இரண்டு பல்கனியிலாவது ஆள் எட்டிப் பார்க்கும். எழுதியவர் குடியிருந்தது கொழும்பு 7இல். பெயரை எங்கே பொறுக்கினார் என்று ஆராய எனக்கு ஆதாரம் தேவையில்லை. படமாக்கியபோது வெறும் சந்திராவாக்கி, பொப் பலபன் என்ற அமெரிக்க நடிகருக்கு அந்த வேடத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மன்னிப்பு இல்லை.

அந்தப் படத்துக்காகக் கொழும்பிலிருந்த கிளார்க்கும் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்த இயக்குநர் பீற்றர் ஹையம்ஸும் கேப்ரோ கொம்பியூட்டர்களை ரெலிபோன் வயரில் இணைத்துக் கடிதம் பரிமாறினார்கள். தொடங்கியது 1983இன் பிற்பகுதியில். அந்த வருச ஆடிக் கலவரத்தில் எரித்த வெள்ளவத்தை வீடுகள் கூரையில்லாமல் நின்ற காலம். அதே ஊரிலிருந்துதான் வியாழக் கிரகத்துக் கதை வயரேறிப் போயிருக்கிறது.

சந்திரசேகரம்பிள்ளை கண்டுபிடித்தது இதுதான்: ஹாலுக்குள் பிழை இல்லை. உண்மையையே சொல் என்று படைத்துவிட்டு, பயணத்தின் நோக்கத்தைக் கூட வந்தவர்களுக்கு மறை என்றும் கட்டளையிட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு அது குழம்பிவிட்டது. இயந்திரத்துக்கு வெளியே இருந்த பிழை.

பம்பலப்பிட்டிப் பெடியன் சொன்னதும் அதுதானே. வீட்டில்தான் பிழை. வீட்டில் என்ன இருக்கிறது? ஜன்னலைத் திறந்தால் மரைன் டிரைவ், தாண்டினால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். சோளகம் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். அலை உடையும்போது எழும்புகிற நுண்ணிய உப்பு அதில் மிதந்து வரும். கம்பி துருப்பிடிப்பதும் பிரிட்ஜின் கால் உக்கிப்போவதும் கடல் பக்கத்துச் சனத்துக்குத் தெரியும். கொம்பியூட்டரின் விசிறி அந்தக் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுத்து ரேமிலும் மதர்போர்ட்டிலும் பூசிக்கொண்டிருப்பதைத்தான் யாரும் நினைப்பதில்லை.

உப்பு காய்ந்து கிடந்தால் வெறும் தூசு. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்து மெல்லிய உவர்நீர்ப் படலமாகிவிடும். உவர்நீரில் மின்சாரம் ஓடும். ஓடக்கூடாத இடத்தில் துளித்துளியாகக் கசிந்தால் எழும்பாது, எழும்பினாலும் நீலத் திரை. சோளகக் காலத்துக் காலையில் 85 வீத ஈரம் இங்கே சாதாரணம். பெட்டிக்குள் சூடு 28 பாகையிலிருந்து 35க்கு ஏறினால் அதே காற்றின் ஈரப்பதன் 57 வீதமளவுக்கு இறங்கிவிடும். உப்பு மறுபடி தூசாகும். பத்து மணி மர்மம் இவ்வளவுதான். குளிரூட்டிய கடையில் காற்று முதலே காய்ந்திருக்கும், அங்கே அது எப்படிப் பிழை காட்டும்?

ஆகவே திருத்துகிற தம்பிமாருக்கு ஒரு விண்ணப்பம்: ஸ்குரூ டிரைவரை எடுக்க முன்னம், வீடு காலி வீதிக்குக் கடல் பக்கமா, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைப் பக்கமா என்று கேளுங்கள். கடல் பக்கமென்றால் முதலில் ஐசோபுரொப்பைல் அல்ககோலையும் மெல்லிய தூரிகையையும் எடுங்கள்.

வீட்டுக்காரர்களே, புதிது வாங்க ஓடாதேயுங்கோ. மத்தியானம் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. ஓடினால், சோளகம் ஓயும் வரைக்கும் இரவில் நிற்பாட்டாமல் விடுங்கோ. விசிறி சுழலச் சுழல உப்பும் கூடச் சேருமே என்கிறான் மருமகன். அதற்குத்தான் அந்தத் தூரிகை. கரன்ட் பில்லைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.