திருச்சுழி போகும் பஸ்ஸில்

நீங்கள் அருப்புக்கோட்டைக்குப் போனதுண்டா? போயிராவிட்டாலும் அந்த ஊர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கக்கூடும். கோடைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் நூல் புடவைகளைப் புரட்டிப் பாருங்கள். அவற்றில் ஒன்று அருப்புக்கோட்டைத் தறியில் நெய்ததாக இருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. மல்லிகை அரும்பு மிகுந்த ஊராதலால் அருப்புக்கோட்டை என்று பெயர் வந்ததாக உள்ளூர்க்காரர்கள் சொல்லிப் பெருமைப்படுவார்கள்.

நான் அங்கே போனது புடவைக்காக அல்ல. (என் வீட்டுக்காரர் இதைக் கடைசி வரையில் நம்பவில்லை!) பக்கத்தில் உள்ள திருச்சுழியில் பூமிநாதர் கோயிலையும், ரமண மகரிஷி பிறந்த வீட்டையும் பார்க்க வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. ஆகவே ஒரு நாள் முற்பகலில் அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறினேன்.

ஊரைத் தாண்டியதும் கரிசல் காடு. காடு என்றதும் மரங்களைத் தேடாதீர்கள். இந்தச் சீமையில் புஞ்சை நிலத்துக்குத்தான் காடு என்று பெயர். பருத்தி, சோளம், கம்பு, மல்லி எல்லாம் விளையும், வானம் மனசு வைத்தால்! ஐப்பசி கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டால், மிஞ்சுவது சீமைக் கருவேல்தான். அதை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று தேர்ந்தெடுத்த பட்டியலில் தமிழ்நாட்டில் இருந்து இடம் பெற்றவை இரண்டே. ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று இந்த விருதுநகர் மாவட்டம்.

ஆனால் ஒரு விஷயம். இதே விருதுநகர்தான் பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது. மண் கைவிட்டாலும் படிப்பு கைவிடாது என்று நம்பும் ஜனங்கள்.

அப்படி நம்பிய ஒரு தாயார்தான் அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். முன் ஸீட்டில் அவருடைய மகள், கையில் ஒரு பைலுடன்.

“எங்கிட்டு அக்கா போறீக, கோயிலுக்கா?” என்று அவரே பேச்சை ஆரம்பித்தார்.

பத்து நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. பெண் ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட். ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார் வேலை. சம்பளம் மாதம் 12,000 ரூபாய். தாய்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை வேலை இருக்கிறது, ‘ஸ்பான்ஸர் விசா’ வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஏஜெண்டு சொல்லியிருக்கிறார். மொத்தம் 3 லட்சம். முன்பணமாக 10,000 கொடுத்தாகிவிட்டது.

“பையிலே நகை இருக்குக்கா. பேங்கிலே வைக்கணும். மிச்சத்துக்கு நாலு ஏக்கர் காட்டை ஒத்திக்கு விடலாம்னு இருக்கோம். அதுக்கு முந்தி திருச்சுழியிலே எங்க பெரியப்பா மகன் இருக்காக, அவுகளை ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு போறோம்.”

திருச்சுழியில் இறங்கினால் கோயில் நடை சாத்தியிருந்தது. சாயங்காலம்தான் திறப்பார்களாம். “வெயில்லே எங்கே நிப்பீக, வாங்க” என்று அந்த அம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இப்படித்தான் அந்த அண்ணன் வீட்டுத் திண்ணையில் எனக்கும் ஒரு சொம்பு மோரும், ஒரு பாடமும் கிடைத்தன.

அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். நடுவில் சில வருஷங்கள் மாலத்தீவில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு வந்தவர். தங்கை சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மருமகளிடம், “பாப்பா, பைலைக் கொடு” என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தார்.

“பள்ளிக்கூடத்தின் கடிதம் எங்கே?”

“விசா வந்தப்புறம் தருவாகளாம், மாமா.”

“இதிலே என்ன விசான்னு போட்டிருக்கு, நீயே வாசி.”

அவள் வாசித்தாள். டூரிஸ்டு விசா!

“அங்கே போய் மாத்திக்கிடலாம்னு சொன்னாரு...” என்று மெதுவாக இழுத்தாள்.

சகோதரிகளே, அதற்குப் பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பிள்ளையோ வெளிநாட்டு வேலைக்குப் பிரயத்தனம் செய்துகொண்டிருக்கலாம் அல்லவா?

ஸ்பான்ஸர் என்றால் வேறொன்றுமில்லை, பொறுப்பேற்பது. ‘இந்த அம்மாளை இன்ன வேலைக்கு, இன்ன சம்பளத்தில் நாங்கள் அமர்த்திக்கொள்கிறோம்’ என்று வேலை கொடுக்கும் பள்ளிக்கூடம் தன் அரசாங்கத்திடம் சொல்லி அனுமதி வாங்குகிறது. அந்தக் காகிதம் பள்ளியிடமிருந்துதான் பிறக்க வேண்டும். ஏஜெண்டு அதைக் கொண்டுவந்து கொடுக்கலாமே தவிர, தானே உண்டாக்க முடியாது.

ஜப்பானில் அந்தப் பள்ளியே அங்குள்ள குடியேற்ற அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழ் ஒன்று வாங்கி அனுப்பும். சீனாவில் வேலை அனுமதிக்கான அறிவிப்புத் தாள் முதலில் வரவேண்டும். பிறகுதான் வேலை விசா. தாய்லாந்தில் வேலைக்கென்றே ‘நான்-இமிக்ரண்ட் பி’ என்று தனி விசா. அதற்கும் பள்ளியின் கடிதம் வேண்டும். போன பிறகு வேலை அனுமதி வாங்க வேண்டும். ஆசிரியர் என்றால் அந்த நாட்டு ஆசிரியர் கழகத்தின் உரிமமோ விலக்கோ வேறு வேண்டும். டூரிஸ்டாகப் போய்ப் பாடம் எடுத்தால் அது சட்ட விரோதம்.

எல்லாக் கதவும் நமக்குத் திறந்திருக்கவில்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான். 2010 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம், ஆங்கிலத் துணை ஆசிரியர் வேலைக்கு நம்மவர்களுக்கும் சிறிது வழி விட்டது. ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க, 12 ஆண்டுகளாவது ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும் என்று விதி.

“பாப்பா பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம்ல, அண்ணே!” என்றார் தாயார்.

“அதனாலேதான் சொல்றேன். மாலத்தீவிலே பாடமெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியிலே. நம்ம ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே வாத்தியாரா இருந்திருக்காங்க. நம்ம பி.எட்.டுக்கு அங்கே மதிப்பு உண்டு. நான் போனப்போ, ஏறும் முன்னாலேயே பள்ளிக்கூடம் வேலை அனுமதியை வாங்கி அனுப்பிச்சது. என் கைக்கு ஒப்பந்தம் வந்து, சம்பளம், வீடு, லீவு, திரும்பி வர டிக்கெட் எல்லாம் வாசிச்சப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.”

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார். பள்ளி பொறுப்பேற்ற விசாவில் போனால், பல நாடுகளில் அந்தப் பள்ளியில் இருக்கும் வரைதான் அது செல்லும். பிடிக்கவில்லை என்று வேறு பள்ளிக்குத் தாவ நினைத்தால் அனுமதியை மறுபடியும் வாங்க வேண்டியிருக்கும். ஆகையால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்கவும் கூடாது.

நம் நாட்டுச் சட்டத்திலும் பாதுகாப்பு இருக்கிறது. 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு அரசாங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தேடுகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம், வரி நீங்கலாக, 30,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதற்கு ரசீதும் கொடுத்தாக வேண்டும். பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். 1978-ல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கும் பெயரைப் பதிந்து வைக்கலாம். பட்டச் சான்றிதழ்களுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் ‘அப்போஸ்டில்’ முத்திரை பல நாடுகளுக்குப் போதும்; அந்த உடன்படிக்கையில் சேராத நாடுகள் தங்கள் தூதரக முத்திரையும் கேட்கும்.

“2022-லே பேப்பர்லே பார்த்தியா?” என்று அவர் மருமகளைக் கேட்டார். அந்த வருஷம் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பிள்ளைகள் சிலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். நம் தூதரகங்கள் முயன்று மீட்க வேண்டியதாயிற்று.

தாயாருக்கு முகம் வெளுத்துவிட்டது. பை இன்னும் மடியில்தான் இருந்தது.

“தங்கச்சி, நம்ம பூட்டன் காலத்திலே இந்தக் காட்டிலேயிருந்துதானே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாங்க? கங்காணி முன்பணம் கொடுப்பான். அந்தக் கடனைத் ‘துண்டு’ங்கிற ஒரு சீட்டிலே எழுதி வைப்பாங்க. கடனைக் கட்டினாத்தான் வேற தோட்டத்துக்குப் போகலாம். இலங்கை சர்க்கார் 1921-லே சட்டம் போட்டு அதை ஒழிச்சுச்சு. அன்னிக்குக் கடன் கொடுத்து ஆளைக் கட்டினான். இன்னிக்கு நாமே கடன் வாங்கி அந்தத் துண்டைக் காசுக்கு வாங்கணுமா?”

யாரும் பேசவில்லை. அந்தப் பெண்தான் பாவம்! போகப் போகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம். நாளைக்கு என்ன முகத்தோடு போவேன் என்று கண் கலங்கினாள். முன்பணம் 10,000 திரும்புமா என்பதும் சந்தேகந்தான்.

“போகாதேன்னு நான் சொல்லலை, பாப்பா. போற வழியிலே போன்னு சொல்றேன். மாலத்தீவுக்கு மனுப் போடு. நான் எழுதிப் பழக்கித் தர்றேன்” என்றார் மாமா.

சாயங்காலம் நடை திறந்தது. சுந்தரர் பாடிய தலம் இது. துணைமாலை அம்மன் சந்நிதியில் அந்தத் தாயார் வெகு நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெயரிலேயே துணையை வைத்திருக்கும் அம்மன் அல்லவா!

பிறகு கோயிலுக்கு அருகில் இருக்கும் சுந்தர மந்திரத்துக்குப் போனோம். 1879 டிசம்பர் 30-ல் ரமணர் பிறந்த வீடு அது. மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையன், 1896 ஆகஸ்டு 29-ல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கென்று இருந்த 5 ரூபாயில், வழிச் செலவுக்கு 3 ரூபாய் எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயையும், சம்பளம் கட்டப்படவில்லை என்று எழுதிய சீட்டையும் வைத்துவிட்டுப் போனான். உலகத்தையே துறக்கக் கிளம்பியவன் அண்ணனுக்குக் கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்! 3 லட்சம் கேட்கிறவர் ஒரு ரசீது கொடுக்கக் கூடாதா?

குண்டாற்றில் அன்று தண்ணீர் இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தோம். திரும்பும்போது மஞ்சள் பை பழையபடி தாயார் மடியில் இருந்தது. ஆனால் இப்போது அதை ஒரு கையால்தான் பிடித்திருந்தார். முன் ஸீட்டில் அந்தப் பெண் பைலின் பின்புறத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். விண்ணப்பத்தின் முதல் வரி!

அருப்புக்கோட்டையில் கடைசியில் புடவை வாங்கினேனா என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்றே ஒன்று வாங்கினேன். மறக்காமல் ரசீது கேட்டு வாங்கினேன்!