படிவத்தில் இல்லாத கேள்வி

முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்கு ஆசிரியனாக உழைத்து ஓய்வு பெற்றவன் நான். எண்களின் மீது எனக்கிருந்த நம்பிக்கையைப் பக்தி என்றே சொல்லலாம். அந்தப் பக்தியை 2022 ஆம் ஆண்டில் ஒரு மூதாட்டி சற்றே அசைத்துவிட்டார்.

சென்னையில் குடிசைகளை அகற்றி மக்களை மாடி வீடுகளில் குடியேற்றும் பணி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1970 இல் குடிசை மாற்று வாரியம் நிறுவப்பட்ட காலத்தில், கடற்கரையை ஒட்டிய பல இடங்களில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. 2000 ஆம் ஆண்டு முதலோ, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடியில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். இவ்வாறு குடியேறிய மக்களின் வாழ்வு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை அளந்தறிய ஒரு தொண்டு அமைப்பு விரும்பியது. படிவம் நிரப்ப ஆள் தேவையென்று கேட்டார்கள். நானும் சென்றேன்.

ஆறாம் மாடியில் அந்த அம்மையாரின் வீடு. தனியே இருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். குழாய் உண்டா? உண்டு. கழிப்பறை? உண்டு. மின்விளக்கு? உண்டு. கூரை? கான்கிரீட். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றே குறித்தேன். என் பழைய வகுப்பில் இத்தகைய மதிப்பெண் பெற்ற மாணவர் வெகு சிலரே.

எழுந்து புறப்படும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"சார், நீங்க கேக்காத ஒண்ணு சொல்லட்டுமா? அங்க இருந்தப்போ அவசரத்துக்கு ஐம்பது ரூபாய் வேணும்னா மூணு வீட்டுக் கதவைத் தட்டுவேன். ராத்திரி பன்னெண்டு மணின்னாலும் தட்டுவேன். இங்க ஒரு கதவுகூட இல்ல சார்."

படிவத்தைப் புரட்டினேன். கதவைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. மரமா, இரும்பா என்பதே அது.

பிறகு அவரே விரித்துரைத்தார். முன்பு மூன்று வீடுகளில் வேலை செய்தாராம்; மூன்றும் நடந்து செல்லும் தொலைவு. இப்போது ஒரே வீடு. 2021 முதல் சாதாரணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் ஆகிறதே, அதை யார் திருப்பித் தருவார்? மகளுக்கு வீடு கிடைத்தது. குலுக்கலில் வேறு கட்டடம். பேத்தி பள்ளி விட்டு வந்ததும் ஓடி வருவதற்கு, முன்பு போலப் பாட்டி அடுத்த வாசலில் இல்லை.

"அப்படியானால் பழைய இடமே நல்லதென்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வேணாம் சார்! 2015 வெள்ளத்துல கழுத்தளவு தண்ணியில நின்னேன். பாம்பெல்லாம் வரும். நான் அதைச் சொல்லல" என்றார்.

அந்த ஒரு சொல்லே என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. புதிய வீட்டை வெறுப்பவரல்லர் அவர். பெற்றதை அவர் மறுக்கவில்லை. இழந்ததையும் எழுதிக்கொள் என்றார், அவ்வளவே.

அவர் கூறியதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதினேன். ஓரத்தில் உள்ளதைக் கணினியில் ஏற்ற இயலாது என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். வரிசைப்படி நிரப்பிய தாளின் அடியில் நான் கையொப்பமிட்டேன். வாசக அன்பர்களே, அந்தக் கையொப்பம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இயலாது என்றது உண்மையா? நான் முன்பு படித்த ஒரு நூல் அப்போது நினைவுக்கு வந்தது. மைக்கேல் யங், பீட்டர் வில்மட் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1957 இல் வெளியிட்டது. கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் என்னும் நெருக்கமான பகுதியிலிருந்து, நகருக்கு வெளியே புதிய குடியிருப்புக்குச் சென்ற ஐம்பதுக்கும் குறைவான தம்பதியரை அவர்கள் விசாரித்தார்கள். கேள்வி மிக எளியது: வாரத்திற்கு எத்தனை முறை நெருங்கிய உறவினரைச் சந்திக்கிறீர்கள்? மனைவியரிடம், இடம் மாறுவதற்கு முன் சராசரி 17 முறை என்றிருந்தது, மாறிய பின் 3 ஆகக் குறைந்திருந்தது. தோட்டமும் தூய காற்றும் உள்ள நல்ல வீடுகள்தாம் அவை.

ஆக, கதவைத் தட்டுவதையும் எண்ணலாம். எண்ண நினைக்க வேண்டும். குடிசையை இடிக்கும் முன்பே சென்று கேட்க வேண்டும். ஓராண்டு கழித்து அதே குடும்பத்தைத் தேடிக் கேட்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்களையும் தேட வேண்டும். குடியேறிய பின் மட்டும் கேட்பது, விடைத்தாளின் பிற்பாதியை மட்டும் திருத்துவது போன்றது. இது செலவு பிடிக்கும் வேலை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கட்டடத்தின் அடித்தளத்திற்கு மண் பரிசோதிக்கிறோமே, அதற்குச் செலவில்லையா?

மறு ஆண்டு, படிவம் ஏதுமின்றி அந்த வீட்டுக்குச் சென்றேன். அடையாளம் கண்டுகொண்டார்.

"நான் சொன்னதை எழுதினீங்களே, அது என்னாச்சு சார்?"

உண்மையைச் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். எதிர்வீட்டைச் சுட்டிக்காட்டினார், அங்கே ஒரு பெண் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் காய்ச்சல்ல கெடந்தேன். அந்தப் பொண்ணுதான் கஞ்சி கொண்டுவந்து குடுத்துச்சு. இப்போ ஒண்ணுன்னு போட்டுக்குங்க சார்."

சட்டைப்பையிலிருந்த பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன்: முன்பு 3. பின்பு 0. இப்போது 1.